இணைச்சீரும் இருபத்துநான்கு மணி நேர டிடிஎல்லும்

1. வேலை என்னவென்றால்

வேலையில் சேர்ந்த முதல் நாள், அப்போதிருந்த மேலாளர் என்னை ஒரு மூலை மேசைக்குக் கூட்டிப்போய் உட்காரவைத்துவிட்டுச் சொன்னார்: "ஏனுங்க மேடம், இந்த டிஎன்எஸ் வேலைல ஒரு சௌகரியமுங்க. ஒழுங்கா ஓடுச்சுன்னா உங்கள ஒருத்தரும் வந்து தொந்தரவு பண்ண மாட்டாங்க."

அவர் வாய் பலித்தது. பதினோரு வருடம் அந்த மூலையில் இருந்தேன். என்னைத் தேடி வந்தவர்கள் பெரும்பாலும் ஏதாவது உடைந்துபோனதால் வந்தவர்கள். பிறந்தநாள் கேக் வெட்டும்போது என்னைக் கூப்பிட மறந்து, கடைசியில் ஒரு துண்டைத் தட்டில் வைத்து மேசைக்கு அனுப்புவார்கள். நான் அதைக் கோபத்தோடு தின்பேன்.

எங்கள் கம்பெனி பீளமேட்டில், பழைய மில் ஒன்று இருந்த வளாகத்தில், மூன்றாம் மாடி. மற்றவர்களுடைய கோப்புகளைப் பத்திரமாக வைத்துக் கொடுப்பதுதான் தொழில். ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் ஒரு பக்கெட் உண்டு. தண்ணீர் பிடிக்கிற பக்கெட் இல்லை. அவர்களுடைய கோப்புகள் மொத்தமாகக் கிடக்கும் இடத்துக்கு இந்தத் தொழிலில் அதுதான் பெயர். அந்தப் பக்கெட் சென்னையில் இருக்கலாம், சிங்கப்பூரில் இருக்கலாம், ஜெர்மனியில் இருக்கலாம். இந்த இடங்களை ரீஜன் என்போம்.

வாடிக்கையாளருக்குத் தன் பக்கெட்டின் பெயர் தெரிந்தால் போதும். எந்த ரீஜன் என்பது தெரிய வேண்டியதில்லை. அவருடைய கம்ப்யூட்டர், இணையத்தின் முகவரிப் புத்தகமான டிஎன்எஸ்ஸிடம் அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்கும். டிஎன்எஸ் சரியான ரீஜனின் முகவரியைச் சொல்லும். கோரிக்கை நேரே அங்கே போய்விடும். அந்தப் பதிலைச் சரியாக வைத்திருப்பது என் வேலை.

உலகத்தில் உள்ளவர்கள் எல்லாம் ஒவ்வொரு தடவையும் எங்களிடமே வந்து கேட்டால் தாங்காது. அதனால் பதிலோடு ஒரு கெடுவும் சேர்த்து அனுப்புவோம்: இதை இத்தனை நேரம் ஞாபகம் வைத்துக்கொள், அதுவரை மறுபடி வந்து கேட்காதே. அதற்குப் பெயர் டிடிஎல். எங்கள் வழக்கம் இருபத்துநான்கு மணி நேரம். ஒரு பக்கெட்டை வேறு ரீஜனுக்கு மாற்ற வேண்டுமென்றால் முதலில் டிடிஎல்லை ஐந்து நிமிடமாகக் குறைக்க வேண்டும். பிறகு, பழைய பதிலை வாங்கிப்போனவர்களின் இருபத்துநான்கு மணி நேரமும் தீரும்வரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டும். அதன் பிறகே முகவரியை மாற்றலாம். அவசரக்காரர்களுக்கு இந்த வேலை ஆகாது. எனக்குப் பொறுமை அதிகம் என்று எனக்கே ஒரு கர்வம் இருந்தது.

இன்னொரு வழக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். எந்த மாற்றம் செய்தாலும் ஒரு படிவம் உண்டு. அதில் 'செய்தவர்', 'சரிபார்த்தவர்' என்று இரண்டு கட்டம். டிஎன்எஸ் தெரிந்த ஆள் என்னைத் தவிர யாரும் இல்லாததால் இரண்டிலும் என் பெயரையே எழுதுவேன். முதல் தடவை கூச்சமாக இருந்தது. அப்புறம் பழகிவிட்டது. வீட்டிலும் அப்படித்தான். சமைப்பதும் நான், உப்பு சரியாக இருக்கிறது என்று சொல்லிக்கொள்வதும் நான்.

2. திங்கட்கிழமை சாயங்காலம்

உடுமலைப்பேட்டை ஈஸ்வரமூர்த்தி எங்கள் வாடிக்கையாளர். கல்யாணங்களை வீடியோ எடுத்து, நடக்கும்போதே இணையத்தில் காட்டுவார். கேமரா எடுப்பது ஆறு விநாடித் துண்டுகளாக அவருடைய பக்கெட்டுக்கு வந்து சேரும். லிங்க் வைத்திருப்பவர்கள் எந்த ஊரிலிருந்தும் பார்க்கலாம். அவருடைய பக்கெட் சிங்கப்பூரில் இருந்தது. அங்கே ஏற்றும்போது அடிக்கடி படம் திக்கி நின்றது.

திங்கட்கிழமை ஏழு மணி ஆகப்போகிற நேரத்தில் கூப்பிட்டார்.

"மேடம், தாராபுரத்துல ஒரு கண்ணாலமுங்க. புதங்கெழம காலைல முகூர்த்தம், நாளைக்குச் சாயங்காலம் இணைச்சீருங்க. மாப்பிள்ளையோட தங்கச்சி ஜெர்மனில இருக்குதுங்க. ஏழு மாசம். டாக்டரு ஏரோப்ளேன் ஏறக் கூடாதுன்னுட்டாங்களாம். அந்தப் புள்ள பாக்கோணும்னுதான் இந்த லைவே. படம் திக்காம ஓடோணுமுங்க. பக்கெட்டச் சென்னைக்கு மாத்திப்போடுங்க."

இணைச்சீர் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் பக்கத்துக் கல்யாணத்தில் முகூர்த்தத்துக்கு முன்னால், மாப்பிள்ளையும் அவனுடன் பிறந்தவளும் பக்கத்தில் பக்கத்தில் நிற்க, கூறைச் சேலையின் ஒரு முனை அவன் கையிலும் மறுமுனை அவள் கையிலுமாக நடக்கும் சீர் இது. கூடப்பிறந்தவள் இல்லாவிட்டால் பெரியப்பா மகளோ சித்தப்பா மகளோ நிற்பாள். யாருக்காகவும் சீர் நிற்காது. ஆனால் கூடப்பிறந்தவள் ஒருத்தி இருந்தும், தன் இடத்தில் இன்னொருத்தி நிற்பதைத் தூரத்திலிருந்து பார்க்க வேண்டியிருந்தால் அது வேறு விஷயம். என் தம்பிக்கு நான் நின்றிருக்கிறேன். அதனால் எனக்குத் தெரியும்.

சரியாக ஏழு மணிக்கு டிடிஎல்லைக் குறைத்தேன். ஈஸ்வரமூர்த்தியிடம் சொன்னேன்: "நாளைக்கு இணைச்சீர் சிங்கப்பூர்லயே ஓடட்டுங்க. கொஞ்சம் திக்குனாலும் படம் வந்துரும். நாளைக்கு ஏழு மணி தாண்டினதும் சென்னைக்கு மாத்தறேன். முகூர்த்தம் அங்க ஓடட்டும்."

"உங்க இஷ்டமுங்க மேடம்" என்றார்.

அந்த முடிவோடு நின்றிருந்தால் இந்தக் குறிப்பை எழுத வேண்டிய தேவை வந்திருக்காது.

3. ராகு காலம்

செவ்வாய்க்கிழமை மதியம் இரண்டு மணிக்கு மறுபடி கூப்பிட்டார்.

"மேடம், தப்பா நெனச்சுக்காதீங்க. மூணுல இருந்து நாலரை வரைக்கும் ராகு காலமுங்க. மாப்பிள்ளையோட அப்பா சொல்றாரு, ஒரே கண்ணாலத்தப் பாதி ஒரு எடத்துலயும் மீதிய இன்னொரு எடத்துலயும் வெக்க வேண்டாமாம். மூணு மணிக்குள்ள சென்னைக்கு மாத்திப்போட்டா, சீருல இருந்து எல்லாம் ஒரே எடமா இருக்குமாமுங்க."

"ஏழு மணி ஆகாம மாத்தக் கூடாதுங்க. நேத்தே உங்ககிட்ட—"

"உங்களுக்குத் தெரியாததுங்களா மேடம். நான் என்ன சொல்றது. கொஞ்சம் பாத்துச் செய்ங்க."

எங்கள் ஊர் மரியாதை எப்படிப்பட்டதென்று வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாது. எதிராளி சத்தம் போட்டால் நாமும் பதிலுக்குச் சத்தம் போடலாம். 'உங்களுக்குத் தெரியாததா' என்று அவர் கும்பிட்டுவிட்டால் நமக்கு வாய் அடைத்துப்போகும். என் மேலாளர் மோகனிடம் போய்க் கேட்டேன். என்னைவிடப் பதினைந்து வயது சின்னவர். கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்காமலே, "மாத்திருங்கக்கா. எதுக்கு வம்பு" என்றார்.

வேண்டாமென்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சலிப்பு ஒரு காரணம். எப்போதும் வேண்டாம் என்று சொல்கிற பொம்பளை என்று அந்த மாடியில் எனக்கு ஏற்கெனவே பெயர் இருந்தது. இன்னொரு காரணம், என் கணக்கு. பழைய முகவரியை ஞாபகம் வைத்திருக்கப்போவது யார்? நேற்று ஏழு மணிக்கு முன்பே அந்த லிங்க்கைத் திறந்தவர்கள். கல்யாண லிங்க்கை முந்தின நாளே யார் திறந்து பார்க்கப் போகிறார்கள் என்று நினைத்தேன். நினைத்தபோது அது ரொம்பப் புத்திசாலித்தனமாக இருந்தது.

இரண்டு ஐம்பதுக்கு மாற்றினேன். ஈஸ்வரமூர்த்தியின் கேமராவையும் நேரே சென்னைக்கே அனுப்பும்படி மாற்றிவைக்கச் சொன்னேன். சிங்கப்பூர்ப் பக்கெட்டை அப்படியே திறந்து வைத்தேன். ஏதாவது தகராறு வந்தால் திரும்பிப்போக ஒரு வழி இருக்கட்டும் என்ற எண்ணம். அங்கே வருகிறவர்களைச் சென்னைக்குத் திருப்பிவிடும் வழிமாற்றைப் போட்டிருக்க வேண்டும். அதற்கு இரண்டே நிமிடம்தான் ஆகும். சாயங்காலம் போட்டுக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். பீளமேட்டிலிருந்து திறந்து பார்த்தேன், சென்னைக்குப் போனது. எங்கள் ஜெர்மனி சர்வரிலிருந்து பார்த்தேன், அதுவும் சென்னைக்குப் போனது. கண்காணிப்புத் திரையில் எல்லாம் பச்சை. படிவத்தில் இரண்டு கட்டத்திலும் என் பெயரை எழுதிவிட்டு டீ குடிக்கப் போனேன்.

4. நாற்காலி தூக்கும் ஆள்

வாடிக்கையாளர்களின் வீடியோவை நான் பார்ப்பதில்லை. அன்றைக்கு மட்டும் ஐந்து மணிக்கு அந்த லிங்க்கைத் திறந்து வைத்துக்கொண்டேன். படம் திக்குகிறதா என்று பார்க்கத்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஒரு வீட்டு விசேஷத்தை முழுதாகப் பார்த்து எத்தனையோ நாளாகியிருந்தது.

ஒரு இடத்தில்கூடத் திக்கவில்லை. மாப்பிள்ளை தலையில் உருமால் கட்டி நின்றான். பெரியப்பா மகள் அரக்குப் பட்டில் பக்கத்தில் நின்றாள். சீர் செய்துவைக்கும் அருமைக்காரர் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்லச் செய்தார்கள். நடுவில் சேலை முனை மாப்பிள்ளையின் கையிலிருந்து நழுவ, அவள் சட்டென்று பிடித்துக்கொடுத்தாள். எல்லோரும் சிரித்தார்கள். சீர் முடிந்ததும் மாப்பிள்ளை நேரே கேமராவுக்குப் பக்கத்தில் வந்து குனிந்து, "நித்யா, பாத்தியா கண்ணு?" என்று கேட்டான். பதில் வராது என்று தெரிந்தும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றான். யாரோ கூப்பிட, போய்விட்டான்.

ஐந்து நாற்பதுக்கு என் மேசைத் தொலைபேசி அடித்தது.

"மேடம்ங்களா? ஈஸ்வரமூர்த்தி அண்ணன் நேத்தே இந்த நம்பரைக் கொடுத்திருந்தாருங்க. மண்டபத்துல சத்தம், அவருக்கு நான் பேசறது கேக்கல. நான் நித்யா. மாப்பிள்ளையோட தங்கச்சிங்க. ஜெர்மனில இருந்து பேசறேன்."

"சொல்லும்மா."

"ஒண்ணுமில்லீங்க, தொந்தரவுக்கு மன்னிச்சுக்கோங்க. இணைச்சீரு இன்னும் ஆரம்பிக்கலீங்களா? நாப்பது நிமிஷமாப் பாத்துட்டு இருக்கறனுங்க. காலி மண்டபந்தான் தெரியுது. லேட்டாகுதாட்ட இருக்குதுன்னு இருந்தேன். அவிங்க வேலையா இருக்கற நேரத்துல கூப்பிட்டு எதுக்குத் தொல்லை பண்றதுன்னு பேசாம இருந்தனுங்க."

என் திரையில் ஓடிக்கொண்டிருந்த கல்யாணத்தின் சத்தத்தைக் குறைத்தேன்.

"காலி மண்டபத்துல என்ன தெரியுது கண்ணு?"

"ஒருத்தரு சேரத் தூக்கிட்டுப் போறாருங்க. மொதல்ல நான் கவனிக்கல. அதே ஆளு, அதே சேரு. திரும்பத் திரும்பப் போறாருங்க. அப்பத்தான் சந்தேகம் வந்துச்சு."

"லிங்க்க நீ மொதல்ல எப்பத் தொறந்தே?"

"நேத்தேங்க. உங்க டைமுக்கு ஆறரை இருக்கும். ஈஸ்வரமூர்த்தி அண்ணன் மண்டபத்துல டெஸ்ட் எடுத்துட்டு லிங்க் அனுப்புனாரு. நாளைக்கு வேலை செய்யாமப் போயிட்டா என்ன பண்றதுன்னு உடனே தொறந்து பாத்துட்டேன்."

நடந்தது இதுதான். திங்கட்கிழமை ஆறரை மணிக்கு அவளுடைய வீட்டு இணையம் சிங்கப்பூர் முகவரியை வாங்கி, இருபத்துநான்கு மணி நேரத்துக்கு வைத்துக்கொண்டது. நான் அதற்குள் முகவரியை மாற்றினேன். செவ்வாய்க்கிழமை லிங்க்கை முதன்முதலாகத் திறந்த சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் சென்னைக்குப் போனார்கள். அவள் மட்டும் சிங்கப்பூருக்குப் போனாள். அங்கே கடைசியாக இருந்தது முந்தின நாள் சோதனைக்கு எடுத்த இரண்டு நிமிட வீடியோ. அது முடிய முடிய மறுபடி முதலிலிருந்து ஓடியது. பிழை என்று எந்த இடத்திலும் காட்டாததால் எங்கள் திரை பச்சையாகவே இருந்தது. எல்லோரையும்விட ஆசையாக, எல்லோருக்கும் முன்னால் திறந்தவள் அவள் ஒருத்தி. அதனால் அவளுக்கு மட்டும் தெரியவில்லை.

பேசிக்கொண்டே சிங்கப்பூரில் வழிமாற்றைப் போட்டேன். "இப்ப மறுபடி தொற கண்ணு" என்றேன்.

திறந்தாள். இலை போட்டுப் பந்தி நடந்துகொண்டிருந்தது.

"முடிஞ்சிருச்சுங்களா?" என்றாள்.

"முடிஞ்சிருச்சும்மா."

அதே சமயம் மோகனின் செய்தி என் திரையில் வந்து நின்றது. நான் பேசுவது அவர் காதில் விழுந்திருக்க வேண்டும். 'அக்கா, அவங்க ஊரு இன்டர்நெட்டுல பழைய அட்ரஸ் நின்னுருச்சுன்னு சொல்லிருங்க. அதுதான உண்மை.'

உண்மைதான். அதில் ஒரு எழுத்துக்கூடப் பொய் இல்லை. அப்படிச் சொல்லித் தப்பித்துக்கொள்ள எனக்கும் ஆசை வந்தது. இல்லை என்று சொல்ல மாட்டேன். "என் தப்பும்மா" என்றேன். "ஏழு மணி வரைக்கும் பொறுத்திருக்கோணும். முன்னாலயே மாத்திப்போட்டேன். உங்க ஊரு நெட்டு மேல ஒண்ணும் தப்பில்ல. ரெக்கார்டிங் அப்படியே இருக்குது, நான் எடுத்து அனுப்பறேன்."

5. அவள் கேட்டது

திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் கேட்டது வேறு.

"நீங்க பாத்தீங்களா மேடம்?"

"பாத்தேன்."

"முழுசாங்களா?"

"முழுசா."

"அப்ப எனக்குச் சொல்லுங்க. ரெக்கார்டிங் அப்பறம் பாத்துக்கறேன். அண்ணன் சாப்ட்டு முடிச்சதும் கூப்புடுவாரு. பாக்கலைன்னு நான் சொன்னா, விடியக்காலம் முகூர்த்தத்துல அவரு மூஞ்சி நல்லாவே இருக்காது. அவர எனக்குத் தெரியுமுங்க. பாத்தேன்னு சொல்லோணும். என்ன பாத்தேன்னு நீங்க சொல்லுங்க."

என் வேலையில் யாரும் என்னிடம் இப்படி ஒன்றைக் கேட்டதில்லை. சர்வர் ஏன் விழுந்தது, எப்போது எழும் என்றுதான் கேட்பார்கள். நாற்காலியைத் திருப்பிச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டு சொன்னேன். உருமால் என்ன நிறம், யார் யார் எங்கே நின்றார்கள், அவளுடைய அம்மா தூணோரம் நின்று முந்தானையால் கண்ணைத் துடைத்தது, சேலை நழுவியது, பெரியப்பா மகள் பிடித்துக்கொடுத்தது, எல்லாம் சொன்னேன்.

"நழுவ உட்டுட்டாருங்களா?" சிரித்தாள். "எதையும் ஒழுங்காப் புடிக்க மாட்டாருங்க."

"கை மரத்துப்போயிருக்கும் கண்ணு. நிக்கறவிங்களுக்குத்தான் தெரியும். நானும் எந்தம்பிக்கு நின்னிருக்கேன்."

"உங்க தம்பி எங்கீங்க இருக்காரு?"

"இந்த ஊருதான். பேச்சுவார்த்தை இல்லம்மா."

அதை அலுவலகத்தில் யாரிடமும் சொன்னதில்லை. முகம் தெரியாத ஒரு பெண்ணிடம் சொல்லிவிட்டேன்.

"கேமராவப் பாத்து ஏதாச்சும் சொன்னாருங்களா மேடம்?"

இதை விட்டுவிடலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். அவள் அண்ணன் அதைப் பற்றிக் கேட்டால் அவளுக்குப் பதில் தெரிந்திருக்க வேண்டுமே.

"'நித்யா, பாத்தியா கண்ணு'ன்னு கேட்டாரு."

"அப்பறம்?"

"கொஞ்ச நேரம் நின்னாரு. அப்பறம் போயிட்டாரு."

அவள் அழுதது கேட்டது. கொஞ்சம் கழித்து மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "அண்ணன் கூப்புடறாருங்க மேடம். வெச்சுடட்டுங்களா?" என்றாள். "வை கண்ணு" என்றேன்.

அவள் அவரிடம் என்ன சொன்னாள் என்று எனக்குத் தெரியாது. மூன்றாம் மாடியில் எல்லோரும் பையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். யாராவது ஒருவர் என்னக்கா ஆச்சு என்று கேட்டிருந்தால் அங்கேயே உடைந்துபோயிருப்பேன். ஒருவரும் கேட்கவில்லை.

6. புதன்கிழமை காலை

நடந்த தவறைப் பற்றிய அறிக்கையில் காரணம் என்ற இடத்தில் என் பெயரை எழுதினேன். மோகன் அதை 'வாடிக்கையாளர் கேட்டதால் நேர மாற்றம்' என்று திருத்தினார். நான் அதைத் திருத்தித் திரும்ப அனுப்பினேன். அவர் விட்டுவிட்டார்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்ல இருப்பது கொஞ்சம்தான். டிடிஎல் தீரும்வரை யார் கும்பிட்டாலும் மாற்றாதீர்கள். பழைய ரீஜனில் வழிமாற்றைப் போடாமல் புது ரீஜனைத் திறக்காதீர்கள். படிவத்தில் இரண்டாவது கட்டம் இருந்தால் இரண்டாவது ஆளைக் கேட்டு வாங்குங்கள். கிடைக்கும்வரை சண்டை போடுங்கள். நான் போடவில்லை. திரை பச்சையாக இருப்பதை மட்டும் நம்பாதீர்கள். யாருக்காக இந்த வேலையைச் செய்கிறோமோ அந்த ஆள் வந்து சேர்ந்துவிட்டாரா என்று சர்வர் எழுதிவைக்கும் பதிவில் போய்ப் பாருங்கள். ஒவ்வொரு வீடியோத் துண்டையும் யார் கேட்டார்கள், எந்த நாட்டிலிருந்து கேட்டார்கள் என்பதெல்லாம் அதில் வரி வரியாக விழும். அதை யாரும் திறப்பதில்லை. நானும் அதுவரை திறந்ததில்லை.

அந்தப் புதன்கிழமை விடிந்ததும், வீட்டில் சாப்பாட்டு மேசைமேல் லேப்டாப்பை வைத்து ஒரு பக்கம் கல்யாணத்தையும் மறுபக்கம் பதிவையும் திறந்துகொண்டேன். ஜெர்மனியிலிருந்து ஒரே ஒரு முகவரி. அங்கே விடிய இன்னும் நேரம் இருந்தது. ஆறு விநாடிக்கு ஒரு வரி, ஒன்றுகூட விடாமல் சென்னையிலிருந்து வாங்கிக்கொண்டிருந்தது. நான் கல்யாணத்தைவிட அந்த வரியைத்தான் அதிகம் பார்த்தேன். கெட்டிமேளம் கொட்டும்போதும் வந்தது. தாலி கட்டும்போதும் வந்தது.

எல்லாம் முடிந்ததும் மாப்பிள்ளை, பெண்டாட்டியின் கையைப் பிடித்துக்கொண்டு கேமராவுக்குப் பக்கத்தில் வந்தான். நேற்றுக் கேட்டதையே கேட்டான். பதில் வராத கேமராவைப் பார்த்துக்கொண்டு நின்றான். பதிவில் அடுத்த வரி விழுந்தது. அதற்கடுத்ததும் விழுந்தது.

"பாக்குதுங்க" என்றேன், என் வீட்டில், சத்தமாக. "அந்தப் புள்ள பாத்துட்டுத்தான் இருக்குதுங்க."